ஒரிஜினல் வாஷர்

என் அத்தான் பல் டாக்டர். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இன்றுவரை அவர் பிடுங்கிய பற்களைச் சேர்த்து வைத்திருந்தால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியிருக்கலாம். பிடுங்கிய இடத்தில் எல்லாம் போலிப் பல் கட்டி அனுப்பிவிடுவார். எங்கள் தெருவில் வயதானவர் யார் வாய்விட்டுச் சிரித்தாலும் அதில் பாதி அத்தானின் கைவேலை. அவருடைய முன்பற்கள் இரண்டுகூட அவரே செய்து மாட்டிக்கொண்டவைதான். அப்பேர்ப்பட்டவருக்குத் தெரு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘ஒரிஜினல்’.

பெயர் வாங்கிக் கொடுத்தது அவருடைய கார். கிளினிக்குக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் ஷெட்டில் நிற்கிறது. எங்கள் அப்பாவைவிட வயதில் மூத்தது. அதை வாங்கிய நாள் முதல் மனிதருக்கு வேறு பேச்சே கிடையாது. வந்தவர் போனவரை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவார். கதவுக் கைப்பிடி ஒரிஜினல், சீட்டில் இருக்கும் கிழிசல் ஒரிஜினல், ஓடாத கடிகாரம் ஒரிஜினல். கடைவாய்ப் பல் வலியோடு வந்த ஒருவன் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஹெட்லைட்டுக்குத் தலையாட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. கைராசிக்காரர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், நாக்கால் ஒரு முறை ‘ச்’ கொட்டுவார், “இதைக் காப்பாத்த முடியாது, பிடுங்கிட்டுப் புதுசு கட்டிடலாம்” என்பார். அக்கா பல வருடம் அவர் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தவள். அந்த வாக்கியம் முடிவதற்குள் குறடு அவர் கையில் இருக்கும்.

காரில் ஒழுகல் ஆரம்பித்தது போன மழைக்காலத்தில். கார்பரேட்டருக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாய் ஒரு பித்தளை வளையத்தில் முடிகிறது. அந்த வளையத்துக்குள் நுழைந்து, துளைபோட்ட ஒரு போல்ட் அதைக் கார்பரேட்டரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வளையத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு வாஷர்கள். அங்கேதான் சொட்டியது.

அத்தான் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வேலை டார்ச் பிடிப்பது. வாஷர் இரண்டும் காய்ந்து கல்லாகிவிட்டன, இனி அவை எதையும் அடைக்காது என்று அவரே சொன்னார். கண்டுபிடித்ததில் ஒரு பிசகும் இல்லை. அப்படியானால் மாற்றிவிடலாமே என்றேன். அவர் பார்த்த பார்வையில், நான் பெற்ற தாயை மாற்றச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“இது வண்டியோட பிறந்தது மச்சான். இதை மாத்திட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் கிளப்புக்குப் போறது?” என்றார்.

கிளப் என்பது இவரைப்போல ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துவது. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்களை வரிசையாக நிறுத்தி, எதில் எத்தனை சாமான் பழசாகவே இருக்கிறது என்று மதிப்பெண் போட்டுக் கோப்பை கொடுப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. மாற்ற மாட்டார், சொட்டவும் கூடாது. ஆகவே வைத்தியம் தொடங்கியது. வாஷர்களை வெந்நீரில் ஊறப்போட்டார். உப்புத்தாளில் தேய்த்தார். புரட்டிப் போட்டு மாட்டினார். கடைசியில் பல்லுக்கு வைக்கும் சிமெண்டைப் பூசினார். அந்தச் சிமெண்டை நம்பி ஊரே மென்றுகொண்டிருக்கிறது, பெட்ரோல் அதைச் சாப்பாட்டு நேரத்துக்குள் கரைத்துவிட்டது. ஒவ்வொரு வைத்தியமும் தோற்றதும் ஸ்பேனரை எடுத்து போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குவார். அடியில் ஒரு கிளினிக் தட்டு சொட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தது.

பெட்ரோல் வாடை ஷெட் கதவிடுக்கு வழியாகச் சமையலறைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அக்கா கத்தவில்லை. அடுப்பை மூடி, தீப்பெட்டியை என் கையில் கொடுத்து வெளியே எறியச் சொன்னாள். ஒழுகல் நிற்கும்வரை இந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டாள். அதன்பின் மூன்று வேளையும் ரொட்டியும் வாழைப்பழமும் காய்ச்சாத பாலும்தான். சூடில்லாத சாப்பாடு பல்லுக்கு நல்லது என்று அத்தான் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருடைய சொந்தப் பல்லில் ஒன்றை நானே கழற்றியிருப்பேன். ஒரு தீக்குச்சியில் வீடே போய்விடக்கூடிய இடத்தில் இந்த மனிதர் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“உன் வீட்டு மாடி ரூம் சும்மாதானே கிடக்கு? கூட்டி வை. கண்காட்சிக்கு முன்னாடி இது நிக்கலைன்னா நான் வந்துடறேன்” என்றாள்.

எத்தனை நாளைக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே ரூமைக் கூட்டினேன்.

சனிக்கிழமை காலை சமையலறைக் கதவருகே அவளுடைய துணிப்பை உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டித்தான் அத்தான் ஷெட்டுக்குப் போனார். பார்க்காததுபோல் போனார். போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, இன்னும் அரைச் சுற்றுப் போதும் என்றார். கார்பரேட்டர் உடம்பு மெத்தென்ற உலோகம், மரை போய்விட்டால் வாஷரோடு நிற்காது, கார்பரேட்டரையே தூக்கிப் போடவேண்டியதுதான் என்று அவருக்கு நினைவுபடுத்தினேன். டார்ச்சை ஒழுங்காகப் பிடிக்கச் சொன்னார்.

போல்ட் ஒரு முனகல் முனகியது. சொட்டிக்கொண்டிருந்தது நூலாக ஒழுக ஆரம்பித்தது. நான் பாய்ந்து போய் டாங்கியின் குழாயை மூடினேன். அத்தான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். அவர் பக்கத்தில் கிடந்த கண்ணாடியை எடுத்து, குனிந்து, உள்ளே விட்டுப் பார்த்தாள். என் டார்ச்சைத் தானே வாங்கி இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அச்சு அசலாக அவரைப்போலவே நாக்கால் ‘ச்’ கொட்டினாள்.

“இதைக் காப்பாத்த முடியாது. பிடுங்கிட்டுப் புதுசு கட்டிடலாம்.”

கையை நீட்டினாள். பஞ்சு வைக்கும் சின்ன டப்பாவுக்குள் இரண்டு செம்பு வாஷர்கள் மின்னின. விடிந்ததும் உதிரிபாகக் கடைக்குப் போய், அளவு சொல்லி, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறாள்.

அத்தானின் முகத்தில் அப்படி ஒரு மிரட்சியை நான் பார்த்ததில்லை. அவருடைய நாற்காலியில் படுக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த முகம்தான். வலிக்குமா என்று அவர் கேட்காததுதான் பாக்கி. மெதுவாக எழுந்தார். போல்ட்டைக் கழற்றினார். மரை நல்லவேளை பிழைத்திருந்தது. பழைய வாஷர்களைப் பல் குத்தும் ஊசியால் நெம்பி எடுத்து, அவை உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்து, புதியவற்றை மாட்டினார். அளவாக முறுக்கி நிறுத்தினார். குழாயைத் திறந்து, கீழே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மூவரும் நின்றோம். காகிதம் காய்ந்தே இருந்தது.

வாடை முழுக்கப் போகும்வரை கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. அதன்பிறகுதான் அக்கா அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். எத்தனையோ வேளைக்குப் பிறகு அந்த வீட்டில் சூடாக ஒன்று கிடைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, டீயின் சூட்டில் என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண் போட வந்தவர் பூதக்கண்ணாடியும் கையுமாக பானெட்டுக்குள் தலையை விட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அத்தான் பொய் சொல்லவில்லை. எல்லாம் ஒரிஜினல், அந்த இரண்டு வாஷரைத் தவிர என்று தானாகவே ஒப்புக்கொண்டார். சட்டைப் பையில் பஞ்சில் சுற்றி வைத்திருந்த பழைய வாஷர்களை எடுத்து நீட்டினார். 

வந்தவர் அவற்றைக் கண்ணாடிக்கு அடியில் புரட்டினார்.

“இது யாரோ மெக்கானிக் அட்டையில கத்தரிச்சுப் போட்டது டாக்டர். ஓரமே வட்டமா இல்ல பாருங்க. இந்த வண்டிக்குக் கம்பெனியில செம்புதான். இப்ப போட்டிருக்கீங்களே, அதுதான் சரி.”

சிரிக்கலாம் என்று திறந்த அத்தானின் வாய் அந்த இரண்டு போலி முன்பற்களோடு மூடிக்கொண்டது. முழு மதிப்பெண் கிடைத்தது. கோப்பையும் கிடைத்தது.

திரும்பும்போது அக்கா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் நான்.  பாதி வழியில் அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எனக்கு அந்த வாஷர் மேல முதல்லேர்ந்தே ஒரு சந்தேகம்தான்” என்றார்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், கிளினிக் அலமாரியில் இடம் ஒதுக்கி வைத்திருந்த அத்தானின் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். இன்றும் அது அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் தீப்பெட்டி போட்டு வைத்திருக்கிறாள். அந்தத் துணிப்பையை மட்டும் அவள் இன்னும் பிரித்து அடுக்கவில்லை.