பொற்கொடியின் ரத்தத் துளி

ஓசூர் சிப்காட்டில், ரத்தப் பரிசோதனைப் பட்டைகள் செய்யும் சிறிய கம்பெனியில் பொற்கொடிக்கு வேலை. பிளாஸ்டிக் தாளில் கார்பன் மையால் மெல்லிய கோடுகள் அச்சடிப்பாள். அந்தக் கோடுகள்தான் மின்முனைகள். பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும். யானைக்கால் புழு உடம்பில் இருக்கிறதா என்பதை, மின்னோட்டம் மாறுவதை வைத்துக் கையடக்கக் கருவி ஒன்று காட்டிவிடும்.

கருவியைச் சரிபார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் தேவைப்பட்டது. ஊழியர்கள் விரல் நீட்டினார்கள். பொற்கொடியின் முறை வந்தபோது கருவியில் எண் எகிறியது.

“இன்னொரு வாட்டி பாத்தரலாங்க்கா,” என்றான் பொறியாளர் நவீன்குமார். மறுபடியும் அதேதான்.

பொற்கொடி கும்பகோணம் பக்கத்துக்காரி. கால் வீங்கி, செருப்புகூடப் போட முடியாமல், வாசல் தாண்ட வெட்கப்பட்டே காலம் கழித்த அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள். வாய் தானாகப் பொய் சொன்னது.

“அச்சு சரியில்ல சார். மை திட்டுத்திட்டா விழுந்துச்சு. நான்தான் கவனிக்கல.”

அவன் அன்று அச்சான பட்டைகள் அத்தனையையும் ஒதுக்கி வைத்தான். அவளால் இயந்திரத்தருகே நிற்க முடியவில்லை. அடிக்கடி கழிவறைக்குப் போய்க் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள்.

“சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கியே, என்னாச்சு?” என்று கேட்டான் கணவன் முத்துக்குமார்.

“தலவலி.”

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கிருஷ்ணகிரி பஸ் ஏறினாள். ஓசூர் ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். சூளகிரியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தவள், மறுபடி உட்கார்ந்தாள்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். “புழு இருக்கும்மா,” என்றார் டாக்டர். “கால் வீங்கறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. மாத்திரை தர்றேன்.”

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராகக் கம்பெனிக்குப் போனாள்.

“பட்டை சரியாத்தான் சொல்லிருக்கு சார். அச்சுல தப்பில்ல. எனக்குத்தான் நோவு.”

நவீன்குமார் ஒதுக்கி வைத்த பட்டைகளை வெளியே எடுத்தான். “நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா.”

“பயமா இருந்துச்சு சார்.”

ஒதுக்கியவை மறுபடி சோதனைக்குப் போயின. மாத்திரை போட்டதும் காய்ச்சல் அடித்தது. புழு சாகும்போது அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் காய்ச்சலோடு முத்துக்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு ஊரில் இருக்கும் தங்கை சரிதாவுக்குப் போன் செய்தாள்.

“நீயும் புள்ளைங்களும் போயி ரத்தம் பாத்துக்குங்கடி.”

“அக்கா, பொண்ணுக்கு வரன் பேசிக்கிட்டிருக்கோம். இத எவன் காதுலயும் போட்டுடாத.” போன் கட்டானது.

திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போக இரண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னாள் கணவனிடம்.