தங்கை கழித்த மாடு

இறைச்சிக்கூடத்தில் கறியைச் சோதிக்கும் அவளுக்குப் பெயர் கத்திக்காரி. அறுத்த மாட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, நல்லதென்றால் முத்திரை குத்துவாள். இல்லையென்றால் நீலச் சாயத்தை ஊற்றிவிடுவாள். சாயம் பட்ட கறி குழிக்குத்தான் போகும். அவளுடைய அண்ணன் மாட்டு வியாபாரி. "என் தங்கச்சிதான் இங்க எல்லாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவான்.

ஒரு நாள் காலையில் அவன் தன் வீட்டு மாட்டையே கொண்டுவந்தான். பால் வற்றிப்போன கிழடு. கொஞ்ச நாளாக இருமிக்கொண்டிருந்ததை அவன் வாய் திறந்து சொல்லவில்லை. தங்கை இருக்கிறாள் என்ற தைரியம்.

அறுத்த மாட்டின் தொண்டைக்கடியில் இருந்த நெறிக்கட்டியை அவள் இரண்டாக வகிர்ந்தாள். உள்ளே மஞ்சளாகக் கட்டித் தயிர் மாதிரி சீழ்; கத்தி மணலில் பட்டதுபோல் நறநறத்தது. நுரையீரலிலும் அதே கதை.

"கண்டும் காணாத மாதிரி விட்டுடும்மா" என்றான் அண்ணன் அவள் காதோரம். "நாலு பேர் பாக்கறாங்க."

அவள் சாயத்தை எடுத்து ஊற்றினாள். அவனுக்கு முகம் செத்துப்போனது. கூடப்பிறந்தவளா இவள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"டி.பி. அண்ணா" என்றாள் அவள், கையைக் கழுவிக்கொண்டே. "இது பால் குடுத்தப்ப வீட்ல காய்ச்சித்தானே குடிச்சீங்க?"

கறந்த சூட்டோடு நுரை தள்ளக் குடித்தால்தான் உடம்பில் ஒட்டும் என்பது அவன் கட்சி. மகளுக்கும் அப்படியே கொடுத்து வளர்த்தான். அவளுக்கு ஒரு மாதமாகக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. சொத்தைப் பல்லால் வந்தது என்று பல் டாக்டரிடம் அலைந்துகொண்டிருந்தார்கள்.

"பாப்பாவுக்குக் கழுத்துல..." என்று அவன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான்.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு" என்றாள் தங்கை.

பாப்பாவின் கழுத்தில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் அதே நோய்தான். மாதக்கணக்கில் மாத்திரை. தொழுவத்தைச் சோதித்ததில் இன்னும் இரண்டு மாடுகள் போயின. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் காட்டு மான்கள் வந்து வாய் வைப்பதை அண்ணன் வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவது வழக்கம். மானிடமிருந்து மாட்டுக்கு வந்ததா, மாட்டிடமிருந்து மானுக்குப் போனதா, கடவுளுக்கே வெளிச்சம். தங்கை ஆள் விட்டுத் தொட்டியைச் சுற்றி வேலி போட்டாள்.

இப்போதும் அவன் மாடு பிடித்துக்கொண்டு வந்து எல்லாரையும்போல வரிசையில் நிற்கிறான். போன வாரம் பக்கத்தில் நின்ற வியாபாரி அவன் தோளைச் சுரண்டினான்.

"உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்ப்பா. என் மாட்டைக் கொஞ்சம் பாத்து விடச் சொல்லு."

அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிரித்தான்.

"நான் சொன்னா கேக்க மாட்டா. அன்னிக்கு நான் சொன்னத அவ கேட்டிருந்தா, எம் பொண்ணு இன்னிக்குப் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டா."