பினாயில் ஊற்றிய குழி

விடுதி மாணவிகள் என் அக்காவுக்கு வைத்த பெயர் குழியம்மா. சமையலறைக்குப் பின்னால் காய்த்தோலும் தட்டில் மிஞ்சியதும் கொட்டி மட்கவைக்கும் குழி அவள் பொறுப்பு. அதற்குமுன் பதினெட்டு வருஷம் அங்கேயே பாத்திரம் தேய்த்தாள். சோப்புத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். குழிக்கு வந்தபிறகுதான் அந்தக் கைகள் ஆறின. அதனால் குழியைப் பற்றி யாராவது மூக்கைச் சுளித்தால் சண்டைக்குப் போய்விடுவாள்.

"மண்ணுல இருந்த சத்தைத்தானே காய் எடுத்துச்சு? தின்னது போக மிச்சத்தை மண்ணுக்கே குடுத்திரணும்டி" என்பாள். குழி உரம் பின்பக்கப் பாத்திக்குப் போகும். அங்கே காய்த்த தக்காளி, அதே சமையலறையில் காய் நறுக்கும் என் வெட்டுப்பலகைக்கு வரும். தோல் மறுபடி அவளிடமே போய்ச் சேரும்.

அந்தக் கோடையில் குழி நாறியது. சும்மா இல்லை, குடலைப் பிடுங்கும் நாற்றம். வார்டன் மேடம் வந்து நின்றார்.

"பதினஞ்சு நாள் டைம். நாத்தம் நிக்கலேன்னா குழியை மூடி, தளம் போட்டு வண்டி நிறுத்துவோம். நீங்க பழையபடி பாத்திரம் தேய்க்கப் போயிருங்க."

மறுநாளே சிமென்ட் மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. உதவுகிறேன் பேர்வழி என்று, அவள் மதியம் சாப்பிடப் போகும்போதெல்லாம் குழியில் பினாயிலை ஊற்றினேன். சமையலறைக்காரிகளுக்கு எது நாறினாலும் அதற்கு ஒரே மருந்து பினாயில்தானே! நாற்றம் கூடியது. நானும் அளவைக் கூட்டினேன்.

ஆறாம் நாள் அக்கா முழங்கைவரை கையை உள்ளே விட்டாள்.

"சில்லுன்னு இருக்குடி. செத்துப்போச்சு."

குழி சுடவேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவன்கள் உள்ளே தின்று செரிக்கிற சூடு அது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நான் அதுங்களுக்குச் சோறு போடுறேன், நீ விஷம் வைக்கிறியா?" என்றாள். திட்டு அவ்வளவுதான். மண்வெட்டியை என் கையில் திணித்தாள்.

பினாயில் பட்ட மேல்பகுதியை இருவரும் வழித்து அகற்றினோம். ஆரம்பத்தில் நாறியது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஈரக்கழிவோடு கலக்கவேண்டிய காய்ந்த இலையை, பெருக்குகிறவர்கள் கொஞ்சநாளாக எரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போய்ப் போட்ட சத்தத்தில் அன்றைக்கே நெருப்பு அணைந்தது. இலையைக் கலந்தோம், இரண்டு கூடை பழைய உரத்தையும் சேர்த்தோம், தினமும் கிளறினோம். என் இடுப்பு கழன்றுவிட்டது.

பதினைந்தாம் நாள் காலையில் வார்டன் மேடம் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். பின்னாலேயே தளம் போடும் ஆட்கள் இருவர். அக்கா குழியை ஒரு வெட்டு வெட்டிப் புரட்டினாள். குபுகுபுவென்று ஆவி எழுந்தது.

"கையை வச்சுப் பாருங்க மேடம்."

வைத்தவர் 'ஆ' என்று வெடுக்கென இழுத்துக்கொண்டார். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டு ஒருமுறை மோந்து பார்த்தார். மழை பெய்த மண்ணின் வாசனை. அக்கா என் கையை நெரித்தாள். எனக்குக் கத்திக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

"மேடம், சிமென்ட்டை எங்க கொட்டிக் கலக்கணும்?" என்று கேட்டார் ஆட்களில் ஒருவர்.

"இந்தம்மாவைக் கேளுங்க" என்றார் வார்டன்.

அக்கா இடுப்பில் கைவைத்து இடத்தைக் காட்டினாள். "இதோ, இங்க. ரெண்டாவது குழிக்குச் சுவர் எழுப்பணும்."