மூன்றாம் அட்டி

கிடங்கில் அவளைக் குத்தூசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் தானியத்தை எடுத்துப் பார்க்க, நடுவில் குழி ஓடும் கூரான இரும்பு ஒன்று உண்டு. அதுதான் குத்தூசி. இருபத்தொரு வருடமாக அது அவள் கையில் இருக்கிறது. சாக்கில் குத்தி இழுப்பாள். உள்ளங்கையில் விழும் மக்காச்சோளத்தைப் பார்ப்பாள். வண்டு ஊர்ந்தால் ஒதுக்கு, ஊராவிட்டால் ஏற்று. தன் கணக்கு தப்பாது என்று நம்பினாள். வீட்டாரும் அப்படியே நம்பியதுதான் வினையாகிவிட்டது.

தம்பி மனைவி வீட்டுக்குப் பின்னால் முந்நூறு கோழிக்குஞ்சுகள் வளர்க்கிறாள். தீவனத்துக்கு நான்கு மூட்டையை இவளே பொறுக்கி அனுப்பினாள். கிடங்கில் மூட்டைகளை அட்டி அட்டியாக அடுக்கியிருப்பார்கள்; சுவரோரம் இருந்த மூன்றாம் அட்டியில் எடுத்தவை அவை. மணிகள் பளபளவென்று இருந்தன. ஒரு வண்டு இல்லை. எதிரே ஐந்தாம் அட்டியில் வண்டு மொய்த்தது. அதை ஒதுக்கச் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் வாரம் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் நின்றன. ஆறு செத்தன. தம்பி மனைவி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, நீங்க பார்த்துத்தானே அனுப்பினீங்க?"

"பார்த்துத்தாம்மா. ஒரு வண்டு கிடையாது."

"வண்டு கிடையாது, சரி. இப்ப கோழியும் கிடையாதுன்னு ஆயிடும் போலிருக்கே!"

மறுநாள் காலை இரண்டு அட்டியிலும் குத்தி, பையில் போட்டு, சீட்டு ஒட்டி, பரிசோதனை அறையில் கொடுத்தாள். மூன்றாம் அட்டியில் பூஞ்சை நச்சு அளவுக்கு மேல் இருந்தது. ஐந்தாம் அட்டி தேறிவிட்டது.

"சீட்டை மாத்தி ஒட்டிட்டீங்க சார்" என்றாள்.

"ஒட்டினதே நீங்கதானே!" என்றார் பரிசோதனைக்காரர்.

அதுவும் சரிதான். திரும்பிப் போய் மூன்றாம் அட்டியில் இன்னொரு இடத்தில் குத்தி எடுத்து வந்தாள். இந்த முறை அது தேறியது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல எது சார் பொய்?"

"ரெண்டும் நிஜம்தான்க்கா. ஆயிரம் மணியில ஒண்ணு கெட்டிருந்தாலே போதும். அது உங்க ஊசியில வந்தா மாட்டும். வரலைன்னா தப்பிக்கும்."

"அப்ப அஞ்சாவது நல்லதா?"

"ஊசி போன இடம் நல்லது. அதுக்கு மேல நான் சொன்னா அது ஜோசியம்."

"வண்டே இல்லாத சோளத்துல பூஞ்சை எப்படி வந்துது?"

"போன மாசம் தார்ப்பாய் மூடி மருந்து வெச்சீங்களே, அது எந்த அட்டி?"

மூன்றாவது. மருந்து வைக்கச் சொன்னதே அவள்தான். அப்போது அதில் வண்டு பெருகி, மூட்டைக்குள் கை வைத்தால் சுட்டது, சாக்கு வேர்த்திருந்தது. அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடித்திருக்கிறது. மருந்து வண்டைக் கொன்றது. செத்த வண்டுகளைச் சலித்துத் தள்ளி, புதுச் சாக்கில் கட்டினார்கள். நச்சை மருந்தும் தொடவில்லை, சல்லடையும் பிடிக்கவில்லை. சுத்தமாக இருக்கிறது என்று அவளே அதை எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அப்படியானால் வண்டு கெடுக்க வந்ததா, கெடுவதைச் சொல்ல வந்ததா? தம்பி வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போது யோசித்தாள்.

தம்பி வீட்டில் மிச்சம் ஒரு மூட்டை இருந்தது. சிமெண்டுத் தரையில் கொட்டிப் பரப்பினாள். இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் முனையில் பச்சை படர்ந்து கறுத்த மணிகள் ஏழு கிடைத்தன. மற்றதெல்லாம் அதே பளபளப்பு.

"இந்த ஏழு மணியை எறிஞ்சுட்டு மத்ததைப் போடலாமா அண்ணி?"

இருபத்தொரு வருடமாக இப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் உடனே பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு பிடி அள்ளி, கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"தெரியலம்மா."

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி, உங்க வாயில இந்த வார்த்தையை இன்னைக்குத்தான் கேக்கறேன்."

"சிரிக்காதே. கண்ணால பார்த்தா தெரியாதுன்னு மட்டும் தெரியுது. இதுல ஒரு மணிகூடப் போடாதே."

கொட்டியதையெல்லாம் பெருக்கி அள்ளி, சாக்குக்குள் போட்டுக் கட்டினாள். கூண்டுக்குள் குஞ்சுகள் பசியில் கத்தின. தம்பி மனைவி தீவனக் கடைக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது, "அங்க எதைப் பார்த்து வாங்கட்டும் அண்ணி?" என்று கேட்டாள்.

அவள் கையில் குத்தூசி இருந்தது. வாசல் வரை கூடவே வந்தாள். அதன் குழியில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டே நின்றாள்.