நாற்பத்தொரு உள்ளங்கை

யாராவது பேய் என்று பேச்செடுத்தாலே "போய் வேலையைப் பாரு" என்று விரட்டுகிற ஆள் நான். தீக்காய வார்டில் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். ஆனால் இது எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அன்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஒரே வண்டியில் கொண்டுவந்தார்கள். அவன்தான் அவள்மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தியவன். எரிந்துகொண்டே அவனைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவள். லேசில் விடவில்லையாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் காலியாக இருந்ததோ ஒரே கட்டில்.

எங்கள் வார்டில் ஒரு கணக்கு உண்டு. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பில் ஒரு சதவீதம். வெந்த இடம் எத்தனை உள்ளங்கை என்று எண்ணி, அதோடு வயதைக் கூட்டுவோம். நூறைத் தாண்டினால் பிழைப்பது கஷ்டம். கட்டில் ஒன்றுதான் என்றால், கூட்டுத்தொகை குறைந்தவருக்குத்தான்.

அவனுக்கு வயது 52. காயம் 40. மொத்தம் தொண்ணூற்றிரண்டு.

அவளுடைய இரண்டு கையும் இறுக மூடியிருந்தன. விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவசரத்தில் என் கையையே வைத்து எண்ணினேன். ஐம்பத்தெட்டு. வயது 45. நூற்றுமூன்று.

"சிஸ்டர், சரியா எண்ணினீங்களா?" என்றார் டாக்டர்.

"எண்ணிட்டேன் டாக்டர்."

கட்டில் அவனுக்குப் போனது. அவளைக் கடைசி மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மறுநாள் மதியம் 2.10க்கு இறந்துபோனாள். கொளுத்தினவன் பிழைத்துக்கொண்டான். கணக்குப்படிதானே செய்தோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்கு மூன்றாம் நாள். மதியம் 2.10. காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில் துணிச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். குப்பென்று பெட்ரோல் வாடை...

டப்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பின்னாலிருந்து ஒரு கை என் பிடரியைப் பிடித்தது. முகத்தை மேசையில் மோதியது. ஒரு தடவை. இரண்டு தடவை. வாயெல்லாம் ரத்தம். கத்தினேன்... சத்தம் வரவில்லை.

கண்ணுக்கு நேராக இன்னொரு கை. கருகி, இறுக மூடிய கை.

"சிஸ்டர்... மறுபடி எண்ணுங்க."

சட்... சட்... விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

முதுகில் பளாரென்று விழுந்தது. தோல் பொசுங்கியது.

"ஒண்ணு..."

தோளில்.

"ரெண்டு..."

வயிறு. தொடை. மார்பு.

"நாப்பது..."

கடைசியாக முகத்தில்.

"நாப்பத்தொண்ணு."

நின்றது.

கதவு திறந்தபோது மணி 2.13. முன்பல் இரண்டு போயிருந்தன. உடம்பெல்லாம் சிவந்த கைத்தடங்கள்.

"யாரு சிஸ்டர் அடிச்சது?" என்று டாக்டர் பதறினார்.

பத்து நாள் கழித்து அவளுடைய பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. அங்கே அவள் கையைப் பிரித்து, காகிதத்தில் வைத்து, பேனாவால் ஓரம் வரைந்திருந்தார்கள். அந்தப் படத்தின்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். என் கையைச் சுற்றிலும் அவள் கை ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது.

கீழே எழுதியிருந்தார்கள். தீக்காயம், நாற்பத்தொரு சதவீதம்.

நாற்பத்தைந்தும் நாற்பத்தொன்றும் எண்பத்தாறு. அவனைவிட ஆறு குறைவு.

அந்தக் கட்டிலில் அவள்தான் படுத்திருக்க வேண்டும்.