சாட்சி சொன்ன பிறகு நிறுத்திய மருந்து

அன்று ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று நான் சொன்னது பொய்யா? கர்த்தர் என் மகளைச் சுகப்படுத்தினார் என்று சொன்னேன். அவள் சுகமாகத்தான் இருந்தாள். அதைச் செய்தவர் கர்த்தர் என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்லாமல் விட்டது பொய்யாகுமா? இத்தனை வருடம் ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். விசுவாசிகளான நீங்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் இருப்பது லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்றில். என் கணவர் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார், திங்கள் விடியும் முன் போய்விடுவார். என் அம்மா வீடு நல்லதண்ணியில். நான் உயர்தரம் வரை படித்தவள். தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மகள் ஜெனிக்கு நோய் வந்த பிறகு அதையும் விட்டேன்.

2000ஆம் ஆண்டு நவம்பரில் அது ஆரம்பித்தது. ஜெனிக்கு அப்போது நாலு வயது. முதலில் இருமல். பிறகு இழுப்பு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். மூன்று மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் மற்றக் கட்டில்களுக்கு ஆட்கள் வருவார்கள். பிஸ்கட், தோடம்பழம், பிளாஸ்கில் தேத்தண்ணி என்று கொண்டு வருவார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். இது ஆஸ்துமா என்று மூன்றாம் முறைதான் சொன்னார்கள்.

2001 மார்ச்சில் நுவரெலியா கிளினிக்கில், வாயில் வைத்து மருந்தை உள்ளே இழுக்கும் இரண்டு பம்ப் தந்தார்கள். நீலப் பம்ப் இழுப்பு வந்தால் அடிக்க. மண்ணிறப் பம்ப் இழுப்பு வராமல் தடுக்க. அதைக் காலையும் மாலையும் தர வேண்டும், பிள்ளை சுகமாக இருந்தாலும் தர வேண்டும் என்று டொக்டர் சொன்னார். வேறும் ஏதோ சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். சொன்னதில் பாதியைத்தான் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

சொன்னபடி கொடுத்தேன். இரண்டு மூன்று வாரத்தில் இருமல் குறைந்தது. மே மாதம் ஜெனி லயத்து முற்றத்தில் ஓடினாள். அதைப் பார்த்து நான் அழுதேன். ஆனால் என் மனது எதிலும் நிம்மதியாக நிற்காது. பம்போடு வந்த துண்டுக் காகிதத்தை அகராதி வைத்து வாசித்தேன். ஸ்டெரொயிட் என்று இருந்தது. விளையாட்டு வீரர்களை விலக்கிய செய்தியில் வானொலியில் கேட்ட அதே சொல். பிள்ளைகளின் வளர்ச்சி பற்றியும் ஒரு வரி இருந்தது. ஒரு நாள் ஜெனியின் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படை தெரிந்தது. என் கையாலேயே பிள்ளைக்கு விஷம் கொடுக்கிறேனோ என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க யாரும் இருக்கவில்லை. "ஆண்டவரே, இந்தப் பம்ப் இல்லாமல் என் பிள்ளை மூச்சு விட வேண்டும்" என்று மட்டும் தினமும் ஜெபித்தேன்.

எங்கள் ஜெபக்கூட்டம் வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துக் காம்பராவில் நடக்கும். அதை நடத்துகிறவர் அந்தக் காம்பராவில் இருக்கும் மேரி அக்கா. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் என்னைப் பார்த்து, "ஜெனி நல்லா ஓடியாடித் திரியிறாளே. ஆண்டவரு செஞ்சத ரெண்டு வார்த்த சொல்லுங்க தங்கச்சி" என்றார். நான் எழுந்து சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவ்வளவு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது அந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகு அன்றுதான்.

தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு அக்கா கேட்டார். "அப்ப அந்த பம்பு கிம்பெல்லாம் விட்டாச்சா?"

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

மருந்தை விடச் சொல்லி எங்கள் கூட்டத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத் தெளிவாக எழுத வேண்டும். நானாகத்தான் நினைத்தேன், சாட்சி சொன்ன பிறகு மருந்து எடுத்தால் சாட்சி பொய்யாகிவிடும் என்று. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருக்கும், ஆனால் அது கூரை வரை எட்டாது. இந்தப் பக்கம் பம்ப் அடித்தால் அந்தப் பக்கம் கேட்கும். முதலில் துவாயைச் சுற்றி அடித்தேன். பிறகு மேரி அக்கா கொழுந்து எடுக்க மலைக்குப் போன பிறகு, ஒரு நாளைக்கு ஒரு முறை. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஜூலை பிறந்தபோது மண்ணிறப் பம்பையும் நீலப் பம்பையும் பெட்டியின் அடியில் போட்டு மூடிவிட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. நாக்கில் இருந்த வெள்ளையும் மறைந்தது. இது விசுவாசத்துக்குக் கிடைத்த பலன் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையும் பட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். செப்டெம்பரில் ஜெனி ஓடி வந்து நின்றால் இருமினாள். சளிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவரோடு பேச லிந்துலைக் கடைத் தொலைபேசிக்குப் போவேன். பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டு நிற்பார்கள். "புள்ள எப்புடி?" என்பார். "நல்லா இருக்கா" என்பேன். திரும்பி நடக்கும்போது ஜெபம் வேறு மாதிரி வந்தது. "ஆண்டவரே, இதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆளைக் காட்டும்."

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். எல்லாரும் மலைக்குப் போய்விட்டார்கள். பனிமூட்டம் வாசல் வரை வந்திருந்தது. ஜெனி அடுப்புப் பக்கத்தில் இருந்து எழுந்து வந்து என் மடியைப் பிடித்தாள். தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு எடுத்தாள். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் வந்தது. "அம்மா" என்ற சொல்லை அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நான் பெட்டியைக் கவிழ்த்தேன். கைக்கு வந்தது மண்ணிறப் பம்ப். அதையே ஆறு ஏழு முறை அடித்தேன். வந்துவிட்ட இழுப்பை அந்த மருந்து உடனே நிறுத்தாது. அதற்குத்தான் நீலம். இது எனக்குத் தெரியும், கொப்பியிலும் எழுதியிருந்தேன். அந்த நேரத்தில் தெரிந்தது எதுவும் கைக்கு வரவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். பம்ப் கையிலேயே இருந்தது. ரோட்டில் ஒரு ஆளும் இல்லை. உதடு நீலமாகத் தெரிந்தது. "என் வாய்க்காக என் பிள்ளையைத் தண்டிக்காதேயும்" என்று சத்தமாகக் கேட்டேன். அப்போது வளைவில் கொழுந்து லொறி வந்தது. வழக்கமாக அது அந்த நேரத்துக்கு வராது. முந்தின நாள் விட்டுப்போன சாக்குகளை எடுக்க வந்ததாம். சிங்கள டிரைவர் பிள்ளையைப் பார்த்ததும் கதவைத் திறந்தார். "நங்கி, நகின்ன" என்றார். ஏறு தங்கச்சி என்று அர்த்தம். வழி முழுவதும் "பய வென்ன எபா, பய வென்ன எபா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பயப்படாதே என்று.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். மத்தியானம் ஜெனி என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அப்போது டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், நெற்றியில் திருநீறு, என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார்.

"தடுக்கிற மருந்தை எப்ப நிப்பாட்டினீங்கள்?"

"நிப்பாட்டல டொக்டர்."

அவர் என் கையில் இருந்த பம்பை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். கிளினிக் கொப்பியில் திகதியைப் பார்த்தார். "மார்ச்சில குடுத்தது இன்னும் பாரமா இருக்கு. ஒழுங்கா அடிச்சிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றார். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் ஏச மாட்டன். ஏனெண்டு மட்டும் சொல்லுங்கோ."

எல்லாவற்றையும் சொன்னேன். துவாயைச் சுற்றி அடித்ததைக்கூடச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "உங்கட சமயம் எனக்கு அவ்வளவு தெரியாது. பிள்ளை நல்லா இருந்தது இந்த மருந்து வேலை செய்ததால. அதுக்குள்ள கடவுள் இருக்கிறாரோ எண்டதை நீங்கள் முடிவு செய்யுங்கோ. மருந்தை நிப்பாட்டுறதை மட்டும் எங்களைக் கேட்டு முடிவு செய்யுங்கோ."

பிறகு என் பயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். விளையாட்டு வீரர்கள் போடுவது வேறு வகை என்றார். இது சிறிய அளவு, நேராக நெஞ்சுக்குப் போகிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விடமாட்டார்கள். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் உயரம் அளப்பார்கள். பிள்ளை தொடர்ந்து நன்றாக இருந்தால் அளவை மெல்ல மெல்லக் குறைப்பார்கள். "அந்த வெள்ளை, மருந்து வாயில தங்கினதால வந்தது. அடிச்ச உடனே தண்ணியால கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்கோ, விழுங்கக் கூடாது" என்றார். கிளினிக்கில் நான் எழுதாமல் விட்ட பாதி இதுதான். பம்பை வாயில் நேராக அடிக்காமல், நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி அடிக்கவும் காட்டித் தந்தார்.

சொல்ல ஒரு ஆளைக் கேட்டேன். கர்த்தர் திருநீறு பூசிய ஒருவரை அனுப்பினார். கர்த்தர் யார் மூலமாகப் பதில் தர வேண்டும் என்று நான் எல்லை போட்டது போதும்.

வீட்டுக்கு வந்த அன்று மேரி அக்காவிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் அரிசி டின்னைத் திறந்து உள்ளே கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரஷர் மாத்திரை.

"நான் சொகமாயிட்டேன்னு சாட்சி சொல்லி ஆறு வருஷம் ஆச்சு. அதுலேருந்து இது இங்கதான் கெடக்கு. அரிசி எடுக்கையில ஒண்ண எடுத்து வாயில போட்டுக்குவேன்."

"எனக்குத் தெரியாதேக்கா."

"ஒங்க பம்பு சத்தம் நின்னது எனக்குத் தெரியும் தங்கச்சி. ஜூன் மாசமே தெரியும். கேட்டிருக்கணும். கேட்டா இதையும் சொல்லணுமேன்னு வாய மூடிக்கிட்டேன். அன்னிக்குப் புள்ள போயிருந்தா?" ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் இருவரும் ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் எழுந்து நின்று சொன்னோம். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. இரண்டு பேர் பிறகு கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் இன்றைக்கும் என்னை ரோட்டில் கண்டால் மறு பக்கம் பார்க்கிறார். என் விசுவாசம் குறைவு என்று சொல்வதாகக் கேள்வி. அது உண்மையோ என்று சில நாள் நானும் யோசிப்பேன்.

ஆனால் மண்ணிறப் பம்ப் ஒரு நாளும் தவறவில்லை. காலையில் குலுக்கி, குழாயில் மாட்டி, ஒரு அடி. ஜெனி ஐந்து மூச்சு எடுப்பாள். பிறகு கொப்பளித்து வாசலில் ஓடும் கானில் துப்புவாள். மாலையும் அப்படியே. அடித்ததும் கலண்டரில் கோடு போடுவேன். நீலப் பம்ப் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பையில் தொங்கும், யாரும் எடுக்கலாம். அடுப்பில் ஈர விறகு புகைந்தால் அவளை மேரி அக்கா காம்பராவுக்கு அனுப்பிவிடுவேன். இப்போது 2004. அந்த ஒக்டோபருக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு இரவும் தங்கவில்லை. டொக்டர் அளவைக் குறைத்திருக்கிறார். உயரம் கூடியிருக்கிறது. போன வருடத்துப் பள்ளிக்கூடச் சட்டை முழங்காலுக்கு மேலே போய்விட்டது. கர்த்தருக்கு நன்றி. நன்றி என்று எழுதும்போது டொக்டரையும் லொறிக்காரரையும் சேர்த்தே நினைக்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது சாட்சி சொல்லிவிட்டு மருந்தை ஒளித்து வைத்திருந்தால், இன்றைக்கே வெளியே எடுங்கள். டொக்டரைக் கேட்காமல் விடாதீர்கள். சபையில் சொல்லும்போது மருந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதனால் கர்த்தருடைய மகிமை குறையாது. நம்புங்கள். கேட்டதற்கு அவர் பதில் தருவார்.

ஒரு உதவி கேட்கிறேன். ஜெனிக்கு எட்டு வயதாகிறது. போன மாதத்தில் இருந்து ஒரு கேள்வி கேட்கிறாள். "நான் நல்லாத்தானே இருக்கேன். ஏசப்பா சொகமாக்கிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்பறம் ஏன் தெனமும் அடிக்கணும்?"

மழை பெய்யாத நாளில் தகரக் கூரையைக் கழற்றி வைப்போமா என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப என் நெஞ்சுக்குள்ள எப்பவும் மழ வரப்போவுதா?" என்றாள். அவள் முகம் வாடிப்போனது.

தினமும் மருந்து எடுக்கிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், நீங்கள் என்ன சொன்னீர்கள்? பிள்ளை பயப்படாமலும், ஆண்டவர் கைவிட்டார் என்று நினைக்காமலும், மருந்தையும் விடாமலும் இருக்க எப்படிச் சொல்ல வேண்டும்? இந்தப் பத்திரிகைக்கு எழுதினால் நான் பார்ப்பேன். நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும். காலையும் மாலையும் அவள் கேட்கிறாள். அந்த நேரம் என் கையில் பம்ப் இருக்கிறது.