பரீட்சை அட்டவணையில் பஸ் நேரம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா மாத்தளைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். மருத்துவப் பட்டம் பெற்று, அதே ஊரில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கும் பிரிவில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, என் பெயரில் ஒரு பிழைகூட வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பிழையே பெரிதாக வந்தது. இறுதியாண்டுப் பரீட்சைக்கு நோயாளிகளை வரவழைப்பது என் பொறுப்பு. ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் ஐயா வந்திருந்தார். அவருடைய இதய வால்வில் பழுது. அதை மாணவர்கள் இதயத்தின் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடுவோம் என்று, யாரையும் கேட்காமலே அவருக்குச் சொல்லியிருந்தேன். ஒரு மணியாகிவிட்டது. வெளியே இன்னும் மூன்று மாணவர்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“இன்னும் மூணு பேர்தான் ஐயா.”

“நீங்கதானே புள்ள பன்னெண்டுன்னு சொன்னீங்க? ஒன்றரை பஸ்ஸை விட்டா அடுத்தது அஞ்சுக்கு. பேத்தியைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துலதான் பாத்துக்கிறாங்க. நாலுக்குப் பூட்டிருவாங்க.”

நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். இப்போதும் நினைத்தால் கூசுகிறது.

அப்போதுதான் எங்கள் பிரிவின் தலைவர் வந்தார். மாத்தளையில் பிறந்த முஸ்லிம் பெண், பேராசிரியர். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஐயாவின் எதிரே உட்கார்ந்து, நடந்ததைக் கேட்டார்.

“நான் கார்ல கொண்டுபோய் விட்டா இருப்பீங்களா?”

ஐயா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “அந்தக் காரா? எங்க ரோட்டுல பாதி வழி நீங்கதான் தள்ளணும் மேடம்.”

மேடம் சிரித்துவிட்டார். “அப்ப பஸ்ஸைப் பிடிங்க. சொன்ன நேரம் சொன்ன நேரந்தான்.”

பிறகு நேரே பரீட்சகர்களிடம் போனார். நேரம் போட்டதில் பிழை தன்னுடையது என்றார். நான் வாய் திறக்கப் போனேன், கையால் அமர்த்தினார். வார்டுக்குள் சென்று, அதே மாதிரி வால்வுப் பழுது உள்ள நோயாளிகளின் கட்டிலருகே குனிந்து குனிந்து கேட்டார். “விருப்பமில்லாட்டி வேணாம்னு சொல்லுங்க, ஒண்ணுமில்லை.” இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கும் நன்றி சொன்னார். மூன்றாமவர், “சோத்தை முடிச்சிட்டு வர்றேன்” என்றார். அவர் முடிக்கும்வரை பரீட்சை நின்றது. அதற்குள் மேடம் வெளியே போய், தாமதத்துக்கான காரணத்தை அந்த மூன்று மாணவர்களிடமும் தானே சொன்னார்.

மாலையில் திட்டு வாங்கத் தயாராகத்தான் அவருடைய அறைக்குப் போனேன். “இன்னைக்கு வந்தவங்களுக்கெல்லாம் எத்தனை மணிக்குப் பஸ்?” என்று மட்டும் கேட்டார். ஐயாவுடையதைத் தவிர ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தையில் வளர்ந்தவள் நான். மலையிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸுக்கு ஓடுவதை எத்தனையோ தடவை பார்த்தவள்.

அடுத்த பரீட்சைக்கான அட்டவணையை இருவரும் சேர்ந்து எழுதினோம். முதல் வரிசையில் நோயாளிகளின் பஸ் நேரம், மற்றதெல்லாம் அதற்கப்புறம். காலை ஏழு மணிக்கே வரவேண்டுமா என்று ஒரு பரீட்சகர் தொலைபேசியில் முணுமுணுத்தார்.

“உங்களுக்குக் கார் இருக்கே டாக்டர்” என்றார் மேடம்.

ஐயாவைத் தொலைபேசியில் நானே அழைத்தேன். கதவை மறித்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, வருவீர்களா என்றேன்.

“அந்த மேடம் கேக்கச் சொன்னாங்களா?”

“இல்லைங்க ஐயா, நான்தான் கேக்குறேன்.”

“பத்தரை பஸ்ஸுக்கு விடுவீங்களா?”

“அந்தப் பஸ்ஸைத்தான் மொதல்ல எழுதியிருக்கோம்.”

வந்தார். பத்தேகாலுக்கு நான்தான் அவரைப் பஸ் நிலையத்தில் விட்டேன்.